முதல் தடவை தெரபிக்குப் போகிறீர்களா? உங்கள் தெரபிஸ்ட்டின் ‘முறை’யைத் தெரிந்துகொண்டு போங்கள்

தூக்கம் வராமல் தவித்த ஒரு காலத்தில்தான் நான் முதன்முதலாக ஒரு தெரபிஸ்ட்டிடம் போனேன். உள்ளே போய் உட்கார்ந்ததும் வணக்கம் சொன்னார். அதற்குப் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை. நான் இரண்டு நிமிடம் பேசிவிட்டு நிறுத்தினேன். அவரும் பேசாமல் இருந்தார். சுவர்க் கடிகாரத்தின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நாலு செஷன் இப்படியே போனது. இவருக்கு என் கதையில் அக்கறையே இல்லை என்று முடிவு கட்டி, சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டேன்.

பல வருடம் கழித்து நானே கவுன்சலிங் படிக்கப் போனபோதுதான் விஷயம் புரிந்தது. அவர் ஃப்ராய்ட் தொடங்கிய உளப்பகுப்பாய்வு (சைக்கோஅனாலிசிஸ்) முறையில் பயின்றவர். அந்த முறையில் மௌனம் ஒரு கருவி. கேள்வி கேட்டு என்னை ஒரு பக்கமாகத் தள்ளிவிடாமல், என் மனதில் எது தானாக மேலே வருகிறது என்று பார்க்கக் காத்திருந்திருக்கிறார். இதை அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானும் கேட்டிருக்கலாம். அப்படிக் கேட்கலாம் என்பதே எனக்கு அன்று தெரியாது.

என்னைப் போல இன்னொருவர் அந்த நாலு செஷனை இழக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். துன்பம் எங்கிருந்து வருகிறது, எது அதை ஆற்றும் என்பது பற்றி ஒவ்வொரு தெரபிஸ்ட்டுக்கும் ஒரு கோட்பாடு உண்டு. நீங்கள் சொல்வதில் எதைப் பிடித்துக்கொள்வார், எங்கே குறுக்கிடுவார், வீட்டில் போய் என்ன செய்யச் சொல்வார், எப்போது ‘போதும்’ என்பார் என்பதெல்லாம் பெரும்பாலும் அந்தக் கோட்பாட்டிலிருந்துதான் வருகிறது.

முதல் வேலை: யாரிடம் போகிறீர்கள் என்று பாருங்கள்

முறையைக் கேட்பதற்கு முன்னால் ஆளைப் பற்றி ஒரு தெளிவு வேண்டும். சைக்கியாட்ரிஸ்ட் என்பவர் மருத்துவம் படித்து, அப்புறம் மனநல மருத்துவத்தில் மேற்படிப்பு முடித்தவர், மருந்து எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மருந்து எழுத மாட்டார். இந்தியாவில் அவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் தவறே இல்லை. கவுன்சலர் என்ற பெயர் அப்படி இல்லை. ஆழமான பயிற்சி பெற்றவரும் அந்தப் பெயரில் இருக்கிறார், மூன்று நாள் பயிலரங்கு முடித்தவரும் இருக்கிறார். அதனால் என்ன படித்தார், யாருடைய மேற்பார்வையில் பழகினார் என்று கேட்டுவிடுங்கள். இலங்கையில் இந்த வேலை செய்கிறவரை உளவளத்துணையாளர் என்பார்கள்.

படபடப்பு, சோர்வு, தூக்கமின்மை என்று போகிறவர்கள் முதலில் ஒரு பொது மருத்துவரையும் பாருங்கள். தைராய்டும் ரத்தசோகையும் மனநோய் போலவே வேடம் கட்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறது என்றால் முறை, கோட்பாடு எதையும் யோசிக்க வேண்டாம். இந்தியாவில் 14416 என்ற டெலிமானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணை, உடனே கூப்பிடுங்கள். எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம்.

கடைசியாக, உங்கள் புகாரை உங்கள் சொந்த வார்த்தையில் ஒரு தாளில் இரண்டு வரி எழுதுங்கள். ‘டிப்ரஷன்’, ‘ஆங்ஸைட்டி’ என்ற பெயர்கள் வேண்டாம். ‘ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வருது, அப்புறம் விடியற வரைக்கும் பழசையே நினைச்சிட்டிருக்கேன்’ என்பது போல எழுதுங்கள். இந்தத் தாள் பிற்பாடு தேவைப்படும்.

ஒரே பெண், மூன்று தெரபிஸ்ட்கள்

முறை என்றால் என்ன என்று வகுப்பில் பாடமாகக் கேட்டபோது எனக்கு ஏறவில்லை. ஒரு படத்தைப் பார்த்தபோதுதான் ஏறியது. எவரெட் ஷாஸ்ட்ரம் என்ற அமெரிக்க உளவியலாளர் எடுத்து, 1965-இல் வெளிவந்த கல்விப் படம் அது. முப்பது வயதை ஒட்டிய, விவாகரத்தான க்ளோரியா என்ற பெண் அதில் மூன்று பேரிடம் தனித்தனியாகப் பேசுகிறாள். மூவருமே அவரவர் முறையைத் தொடங்கியவர்கள்: கார்ல் ரோஜர்ஸ், ஃப்ரிட்ஸ் பெர்ல்ஸ், ஆல்பர்ட் எல்லிஸ்.

ரோஜர்ஸிடம் அவள் ஒரு பொய்யைப் பற்றிப் பேசுகிறாள். விவாகரத்துக்குப் பிறகு ஆண்களோடு பழகியது பற்றி மகள் கேட்டபோது மறைத்துவிட்டாள், அது உறுத்துகிறது. உண்மையைச் சொன்னால் குழந்தை மனம் பாதிக்குமா? திரும்பத் திரும்பக் கேட்கிறாள், பதில் சொல்லுங்கள் என்கிறாள். ரோஜர்ஸ் பதில் சொல்வதில்லை. நழுவுவதும் இல்லை. அவள் சொன்னதன் அடியில் இருப்பதை எடுத்து, மெதுவாக அவளிடமே திருப்பித் தருகிறார். கொஞ்ச நேரத்தில் அவள் மகளைப் பற்றிப் பேசுவதிலிருந்து, தன்னைத் தானே ஏற்றுக்கொள்ள முடியாததைப் பற்றிப் பேசுவதற்கு வந்துவிடுகிறாள். கடைசியில், உங்களைப் போல ஒரு அப்பா எனக்கு இருந்திருக்கலாம் என்கிறாள். நீயும் எனக்கு ஒரு நல்ல மகளாகத்தான் தெரிகிறாய் என்கிறார் அவர். மனிதருக்குள் வளரும் திசை ஏற்கெனவே இருக்கிறது, அதற்கு நல்ல மண் கிடைத்தால் போதும் என்பது ரோஜர்ஸின் கோட்பாடு. போலித்தனம் இல்லாமல் இருப்பது, நிபந்தனை போடாமல் மதிப்பது, அடுத்தவர் உள்ளத்துக்குள் நின்று பார்ப்பது ஆகியவைதான் அந்த மண் என்று 1957-இல் ஒரு கட்டுரையில் வாதிட்டார். அப்படி நம்புகிறவர் எப்படி அறிவுரை சொல்வார்?

பெர்ல்ஸிடம் போனதும் பயமாக இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொல்கிறாள். பயப்படுகிறவள் ஏன் சிரிக்கிறாய் என்று அங்கேயே பிடிக்கிறார். மகள் கதை, விவாகரத்துக் கதை எதுவும் அவருக்கு வேண்டாம். அவள் கை என்ன செய்கிறது, கால் என்ன செய்கிறது, இந்த நொடியில் எதை மறைக்கிறாள் என்பதுதான் அவர் கவனம். நடிக்கிறாய் என்கிறார். அவளுக்குக் கோபம் வருகிறது. கெஸ்டால்ட் என்ற அவருடைய முறையில் அந்தக் கோபம் வருவதுதான் வேலை நடப்பதன் அடையாளம்.

எல்லிஸ் அவளுக்குச் சமமாகப் பேசுகிறார், சில இடங்களில் அவளைவிடக் கூடுதலாகவே. பிடித்த ஆண்கள் முன்னால் கூச்சப்பட்டுப் போகிறேன் என்கிறாள். அந்த நேரம் உனக்கு நீயே என்ன சொல்லிக்கொள்கிறாய் என்று தோண்டுகிறார். ஒருவர் மறுத்தால் அது ஏமாற்றம், அவ்வளவுதான். அதிலிருந்து ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்று தாவுவதுதான் துன்பத்தை உண்டாக்குகிறது என்று எடுத்துக் காட்டுகிறார். போய்த் துணிந்து ஆட்களிடம் பேசிப் பார் என்று வீட்டுப்பாடமும் தருகிறார்.

மூன்று பேரிடமும் போனவள் ஒருத்திதான். ஆனாலும் ரோஜர்ஸிடம் ஒரு மகள் தெரிகிறாள், பெர்ல்ஸிடம் சண்டைக்காரி, எல்லிஸிடம் ஒரு மாணவி. நம்மை நாம் எப்படிக் காட்டுகிறோம் என்பதைக்கூட எதிரே இருப்பவரின் முறை மாற்றிவிடுகிறது. படம் எடுத்து முடிந்ததும் தனக்கு அதிகம் உதவக்கூடியவர் பெர்ல்ஸ்தான் என்று க்ளோரியா சொன்னாள். ஆனால் பல வருடங்கள், தான் இறக்கும் வரை, கடிதத் தொடர்பில் இருந்தது ரோஜர்ஸோடு. அந்த இரண்டையும் சேர்த்து வைத்துத்தான் யோசிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இரண்டாவது வேலை: போனிலேயே கேளுங்கள்

நேரம் வாங்கப் பேசும்போதோ முதல் செஷனிலோ இதைக் கேட்கலாம். ‘சார், நீங்க எந்த முறையில் தெரபி பண்றீங்க? செஷன்ல பொதுவா என்ன நடக்கும்?’ இவ்வளவு போதும். நல்ல தெரபிஸ்ட் இந்தக் கேள்வியால் புண்பட மாட்டார்.

சிபிடி (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றிப் பழக்கும் சிகிச்சை) என்று சொன்னால் வேலை இன்றைய பிரச்சினையைச் சுற்றி இருக்கும், வீட்டுப்பாடம் வரும் என்று பொருள். சைக்கோடைனமிக் என்றாலோ உளப்பகுப்பாய்வு என்றாலோ உறவுகள், சிறுவயது, கனவு, அப்புறம் உங்களுக்கும் தெரபிஸ்ட்டுக்கும் இடையில் நடப்பது எல்லாம் பேச்சில் வரும், நீளமாகப் போகும். ‘பெர்சன் சென்டர்ட்’ என்பது ரோஜர்ஸ் வழி. ‘ஃபேமிலி தெரபி’, ‘சிஸ்டமிக்’ என்றால் வீட்டார் உள்ளே வரலாம்.

‘எல்லாத்தையும் கலந்துதான் பண்றேன்’ என்ற பதில்தான் அதிகம் கிடைக்கும். அது பொய்யல்ல, இன்று பலரும் அப்படித்தான் வேலை செய்கிறார்கள். ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள். ‘என் பிரச்சினைக்கு எதில் தொடங்குவீங்க, ஏன்?’ என்று இன்னொரு கேள்வி போடுங்கள். யோசித்துக் கலக்கிறவருக்கு இதற்குப் பதில் இருக்கும். கையில் கிடைத்ததை எடுத்துப் போடுகிறவர் இங்கே தடுமாறுவார்.

மூன்றாவது வேலை: ஒரே புகார் எப்படிக் கேட்கப்படுகிறது என்று பழகுங்கள்

ஒரு புகாரை வைத்துப் பார்ப்போம். விளக்கத்துக்காக நான் கட்டியது. ‘அப்பா இறந்து எட்டு மாசம் ஆச்சு. நான் அழவே இல்ல. இப்பல்லாம் ஆபீஸ் மீட்டிங்னாலே நெஞ்சு படபடங்குது. அம்மாகிட்ட எதுவும் சொல்லல, அவங்க பயந்துடுவாங்க.’

சிபிடி பழகியவரின் காது ‘மீட்டிங்’ என்ற சொல்லில் நிற்கும். போன வாரம் எந்த மீட்டிங், எத்தனை மணி, அந்த நொடி மனதில் என்ன ஓடியது என்று கேட்பார். பிறகு ஒரு தாளில் கட்டம் போடுவார். நிலைமை: வெள்ளிக்கிழமை பத்து மணி, என் முறை வந்தது. ஓடிய எண்ணம்: குரல் நடுங்கும், இவனுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைப்பார்கள். உணர்ச்சி: பயம் 80, வெட்கம் 60. அந்த எண்ணத்துக்கு ஆதரவாக என்ன இருக்கிறது, எதிராக என்ன இருக்கிறது? கடைசிக் கட்டத்தில், இதை வேறு எப்படிப் பார்க்கலாம், இப்போது பயம் எவ்வளவு? இதை ஒரு வாரம் நீங்களே எழுதி வர வேண்டும்.

இங்கே தமிழில் ஒரு சிக்கல் உண்டு, யாரும் சொல்லித்தராதது. நாம் ‘பயமா தோணுது’ என்றும் சொல்கிறோம், ‘அவர் என்னை மதிக்கலைன்னு தோணுது’ என்றும் சொல்கிறோம். முதலாவது உணர்ச்சி, இரண்டாவது எண்ணம். நமக்கு இரண்டுக்கும் ஒரே ‘தோணுது’. சிபிடிக்காரருக்கு இவற்றைப் பிரித்தே ஆக வேண்டும், ஏனென்றால் எண்ணத்தை ஆதாரம் கேட்டுச் சோதிக்கலாம், பயத்தைச் சோதிக்க முடியாது. அவர் உங்களைத் திரும்பத் திரும்ப நிறுத்தி ‘அது எண்ணமா, உணர்ச்சியா?’ என்று கேட்டால் குறை கண்டுபிடிக்கிறார் என்று நினைக்காதீர்கள்.

உளப்பகுப்பாய்வு வழியில் வந்தவர் ‘அழவே இல்ல’ என்பதில் நிற்பார். அப்பாவுக்கும் மீட்டிங்கில் எதிரே உட்காரும் அதிகாரிக்கும் என்ன தொடர்பு என்று அவருக்குள் கேள்வி ஓடும், உங்களிடம் உடனே கேட்க மாட்டார். சில வாரம் கழித்து நீங்கள் ‘உங்க நேரத்தை வீணாக்கறேனோ’ என்று சொன்னால், அதை அவர் விடமாட்டார். அப்பாவிடம் இருந்த பயம் இப்போது இந்த அறைக்குள்ளேயே வந்துவிட்டது என்பது அவர் கணக்கு.

ரோஜர்ஸ் வழிக்காரர் ‘எல்லாரையும் தாங்கிப் பிடிச்சிட்டு இருக்கீங்க, உங்களைத் தாங்க யாரும் இல்லை’ என்பார். நீங்கள் தொண்டை அடைத்து அழக்கூடும். குடும்பத்தை ஒரே அலகாகப் பார்க்கிறவர் கடைசி வரியை எடுப்பார்: அம்மா பயந்துவிடுவார் என்று வீட்டில் யார் யாரிடம் எதை மறைக்கிறார்கள்? அடுத்த தடவை அம்மாவையும் கூட்டி வர முடியுமா? மில்வாக்கியில் ஸ்டீவ் டி ஷேசரும் இன்சூ கிம் பெர்க்கும் உருவாக்கிய தீர்வு மையச் சிகிச்சையில், படபடப்பு கொஞ்சம் குறைந்த மீட்டிங் எது, அன்று என்ன வித்தியாசமாக இருந்தது என்று தேடுவார்கள். ஆஸ்திரேலியாவின் மைக்கேல் ஒயிட் தொடங்கிய கதையாடல் சிகிச்சையில், அந்தப் படபடப்புக்கு நீங்களே ஒரு பெயர் வைத்து, அது உங்கள் வாழ்க்கையில் எதையெல்லாம் பறித்தது என்று, வெளியே நிற்கும் ஓர் ஆளைப் பற்றிப் பேசுவது போலப் பேசுவீர்கள்.

கோட்பாடு காதை எப்படி அடைக்கவும் கூடும் என்பதற்கு ஆரோன் பெக்கின் கதையை விடச் சிறந்தது எனக்குத் தெரியாது. சிபிடியின் மூலவர்களில் ஒருவரான பெக் முதலில் உளப்பகுப்பாய்வாளர். ஒரு பெண் சோஃபாவில் படுத்துக்கொண்டு தன் பாலுறவு அனுபவங்களைச் சொல்லிக்கொண்டிருந்தார், கூடவே பதற்றமாக இருந்தார். கற்ற கோட்பாட்டின்படி, அந்த விஷயங்களைப் பேசுவதால்தான் பதற்றம் என்று பெக் விளக்கினார். அந்தப் பெண்ணோ, உங்களுக்கு நான் சலிப்பூட்டுகிறேனோ என்றுதான் பயந்துகொண்டிருந்தேன் என்றார். வாயில் ஒரு பேச்சு ஓடும்போதே உள்ளே இன்னொரு பேச்சு ஓடுகிறது, அதை இத்தனை நாள் கேட்கவே இல்லையே என்று பெக்குக்கு உறைத்தது. தானாக ஓடும் எண்ணங்கள் என்று அவர் பெயர் வைத்தது இதற்குத்தான். ஒரு பழைய கோட்பாட்டின் காதுக்கு எட்டாத இடத்திலிருந்து புதுக் கோட்பாடு பிறந்தது. அதற்கும் எட்டாத இடங்கள் உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்.

நான்காவது வேலை: அறையைக் கவனியுங்கள்

முதல் இரண்டு செஷனில் சில விஷயங்களைப் பாருங்கள். யார் முதலில் பேசுகிறார்? சிபிடியில் தெரபிஸ்ட் தொடங்குவார்: போன வாரம் எப்படி இருந்தது, படிவம் நிரப்பினீர்களா, இன்று எதைப் பற்றிப் பேசலாம். கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைப் பங்கிடுவார். கடைசி ஐந்து நிமிடம் இன்று எது உதவியது, எது உதவவில்லை என்று கேட்பார். இது பழகாதவர்களுக்கு ட்யூஷன் போலத் தெரியும். உளப்பகுப்பாய்வு வழியில் நீங்கள்தான் தொடங்க வேண்டும். அவர் தன் குடும்பத்தைப் பற்றியோ தன் கருத்தையோ சொல்ல மாட்டார். இது கர்வத்தால் வருவதில்லை. அவரைப் பற்றி நீங்கள் கற்பனை செய்துகொள்வதும் சிகிச்சைக்கு ஒரு பொருள்.

வியன்னாவில் பெர்க்காஸே 19-இல் ஃப்ராய்ட் நோயாளிகளைச் சோஃபாவில் படுக்க வைத்து, தலைமாட்டில், அவர்கள் கண்ணில் படாமல் உட்கார்ந்தார். கோட்பாட்டுக் காரணங்களோடு, ஒரு நாளில் எட்டு மணி நேரம் ஆட்கள் என்னையே உற்றுப் பார்ப்பதைத் தாங்க முடியவில்லை என்ற காரணத்தையும் அவரே எழுதியிருக்கிறார். எனக்கு இது ஆறுதலான செய்தி. ஒரு முறையில் கோட்பாட்டோடு சேர்ந்து அதைத் தொடங்கிய மனிதரின் சுபாவமும் கலந்திருக்கிறது. உங்கள் தெரபிஸ்ட் ஏன் இந்த முறையைத் தேர்ந்தார் என்பதிலும் அவருடைய சுபாவம் இருக்கும்.

எப்படிக் கூப்பிடுகிறீர்கள் என்பதும் ஒரு அடையாளம். நமக்கு ‘சார்’, ‘மேடம்’, ‘டாக்டர்’தான் வாயில் வரும். ரோஜர்ஸ் வழிக்காரர் பெயர் சொல்லியே கூப்பிடலாம் என்பார். உளப்பகுப்பாய்வாளர் எதுவும் சொல்லாமல், நீங்கள் என்றைக்கு ‘டாக்டர்’ என்கிறீர்கள், என்றைக்கு விட்டுவிடுகிறீர்கள் என்று கவனிப்பார்.

அறிவுரை என்ற பெரிய ஏமாற்றம்

நம்மூரில் கவுன்சலிங் என்றால் பெரியவர் ஒருவர் உட்கார வைத்து நாலு நல்ல வார்த்தை சொல்வது என்றே பலரும் நினைக்கிறோம். காசு கொடுத்துப் போய், ‘நீங்க என்ன நினைக்கிறீங்க?’ என்று திருப்பிக் கேட்டால் கோபம் வரத்தான் செய்யும். அந்தக் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன். அறிவுரை சொல்லாத மரபு, தனியாளாகத் தன்னைப் பார்க்கிற ஒரு சமூகத்தில் வளர்ந்தது. இந்திய மனநல மருத்துவர் ஜே. எஸ். நேகி 1973-லேயே இதை எழுப்பினார்: குரு-சிஷ்ய உறவை நம் சிகிச்சை உறவுக்கு ஒரு மாதிரியாகக் கொள்ள முடியாதா? அதேபோல அமிர்தசரஸில் வித்யா சாகர் 1950-களில் நோயாளிகளின் உறவினர்களை மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரத்தில் தங்க வைத்துச் சிகிச்சையில் சேர்த்துக்கொண்டார். வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையத்திலும் குடும்பத்தார் உடன் தங்குவது வழக்கமாயிற்று. குடும்பம் உள்ளே வருவதும் வழிகாட்டல் கேட்பதும் இங்கே குறைபாடு ஆகாது.

அதனால் வெளிப்படையாகக் கேளுங்கள்: ‘எனக்குக் கொஞ்சம் வழி சொல்றவங்க வேணும். நீங்க அப்படிச் செய்வீங்களா?’ செய்ய மாட்டேன் என்றால் ஏன் என்று சொல்லுவார். காரணம் உங்களுக்குப் பிடித்திருந்தால் இருங்கள். பிடிக்காவிட்டால் சிபிடியோ தீர்வு மையச் சிகிச்சையோ தருகிறவர் உங்களுக்குப் பொருந்தலாம்.

ஐந்தாவது வேலை: உங்கள் பிரச்சினைக்கு முறை எவ்வளவு முக்கியம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

1936-இலேயே சால் ரோசன்ஸ்வைக் என்ற உளவியலாளர், வேறு வேறு முறைகள் கிட்டத்தட்ட ஒரே அளவு பலன் தருகின்றன, எல்லாவற்றுக்கும் பொதுவான ஏதோ ஒன்றுதான் வேலை செய்கிறது போலும் என்று எழுதினார். அதன் பிறகு வந்த ஆய்வுகளில் மனச்சோர்வு போன்றவற்றுக்கு இந்தக் கருத்து பெருமளவு தாக்குப்பிடித்திருக்கிறது. தெரபிஸ்ட்டோடு நமக்கு அமையும் உறவு பலனோடு தொடர்புடையது என்பதும் திரும்பத் திரும்பத் தெரிகிறது. ஆகவே பொதுவான சோகம், துக்கம், உறவுச் சிக்கல் என்றால், முறையைவிட ஆள் பொருத்தத்துக்குக் கூடுதல் எடை கொடுங்கள்.

ஆனால் எல்லாப் பிரச்சினைக்கும் இது பொருந்தாது. ஓசிடியை எடுத்துக்கொள்ளுங்கள்; வேண்டாத எண்ணம் துரத்த, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் கோளாறு அது. ஒருவர் கதவுக் கைப்பிடியைத் தொட்டால் நாற்பது தடவை கை கழுவுகிறார். அன்பான கவுன்சலர் ஒருவர் ‘ஒண்ணும் ஆகாதுங்க, பயப்படாதீங்க’ என்று வாராவாரம் தைரியம் சொல்கிறார். அந்தத் தைரியமே இன்னொரு கழுவலாகிவிடும்; அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் தைரியம் தேவைப்படும். லண்டனில் விக்டர் மேயர் 1966-இல் வெளியிட்ட வழி இதற்கு நேர்மாறானது. பயப்படும் பொருளைத் தொட வைத்து, கழுவாமல் இருக்கத் துணை நிற்பது. எளிதான படியில் தொடங்கி மெல்ல மேலே போவார்கள். பதற்றம் ஏறும், நோயாளி அழுவார், பின்பு அது தானாக இறங்கும். ஓசிடிக்கு முதலில் பரிந்துரைக்கப்படும் உளவியல் சிகிச்சை இன்றும் இந்த வழியில் வந்ததுதான். குறிப்பிட்ட பயங்களுக்கும் பீதித் தாக்குதலுக்கும் பயத்தை எதிர்கொள்ள வைக்கும் முறைகளே நன்றாக நிரூபிக்கப்பட்டவை. இப்படியொரு பிரச்சினையோடு போகிறவர்கள் ‘இந்தப் பயிற்சி தருவீங்களா?’ என்று நேராகவே கேளுங்கள். இல்லை என்றால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வேறு ஆளைத் தேடுங்கள். இருமுனைக் கோளாறு, மனச்சிதைவு ஆகியவற்றுக்கு மருந்தும் மனநல மருத்துவரும் கட்டாயம். தெரபி அவற்றுக்குத் துணையாகத்தான் வர வேண்டும்.

ஆறாவது வேலை: நாலாவது செஷனில் நிறுத்திக் கேளுங்கள்

எட்வர்ட் போர்டின் 1979-இல் சிகிச்சைக் கூட்டுறவை மூன்றாகப் பிரித்தார்: எதை நோக்கிப் போகிறோம் என்பதில் உடன்பாடு, அதற்கு என்ன செய்கிறோம் என்பதில் உடன்பாடு, இருவருக்கும் இடையே நம்பிக்கை. நீங்கள் எழுதி வைத்த இரண்டு வரித் தாளை எடுத்து இந்த மூன்றையும் வைத்துப் பாருங்கள். மனிதரைப் பிடித்திருக்கிறது, ஆனால் கட்டம் போட்டு எழுதுவது எதற்கென்றே புரியவில்லை என்றால் இரண்டாவது உடன்பாடு ஆடுகிறது. அது பேசிச் சரி செய்யக்கூடியது. நம்பிக்கையே இல்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம். அதற்காகக் குற்ற உணர்ச்சி வேண்டாம்.

எந்த முறையின் பெயராலும் பொறுத்துக்கொள்ளக் கூடாதவையும் உண்டு. அவமானப்படுத்துவது, உடலைத் தொடுவது, செஷனுக்கு வெளியே தனிப்பட்ட உறவு தேடுவது, நீங்கள் சொன்னதை அனுமதி இல்லாமல் வீட்டாரிடம் சொல்வது, இத்தனை நாளில் குணமாக்குவேன் என்று சத்தியம் செய்வது. பெர்ல்ஸ் க்ளோரியாவைச் சீண்டிய அந்த முறையைப் பார்த்துவிட்டு, முரட்டுத்தனத்தையே திறமை என்று நினைக்கும் சிலரும் இருக்கிறார்கள். இந்தியாவின் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் இரகசியம் காக்கப்படுவதை உங்கள் உரிமையாக வைத்திருக்கிறது. உயிராபத்து போன்ற விதிவிலக்குகள் என்னென்ன என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

கடைசி வேலை: முடிவைப் பற்றி முதலிலேயே பேசுங்கள்

‘இது எப்ப முடியும்? முடிஞ்சதுன்னு எப்படித் தெரியும்?’ சிபிடியில் மனச்சோர்வுக்கு 12 முதல் 20 செஷன் என்பார்கள். கடைசிச் செஷன்களில், பழையபடி சறுக்கினால் என்ன செய்வது என்று ஒரு தாளில் எழுதித் தருவார்கள். தீர்வு மையச் சிகிச்சையில் ஒவ்வொரு முறையும் ‘இன்னொரு தடவை வரணுமா?’ என்றுதான் கேட்பார்கள். உளப்பகுப்பாய்வு வழியில் வருடங்கள் ஆகலாம். முடிவுத் தேதியை மாதங்களுக்கு முன்பே பேசி வைப்பார்கள், ஏனென்றால் பிரிவதையும் அங்கே சிகிச்சையின் பகுதியாகவே நினைக்கிறார்கள். உங்கள் பணமும் நேரமும் எதற்கு இடம் கொடுக்கும் என்று பார்த்து முடிவெடுங்கள்.

நிறுத்த நினைத்தால், போன் எடுக்காமல் விட்டுவிடாதீர்கள். ஒரு தடவை போய், ஏன் என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். எனக்கு இன்றைக்கும் வருத்தம் இருக்கிறது. அந்த ஐந்தாவது செஷனுக்குப் போய், ‘நீங்க பேசாம இருக்கிறது எனக்குப் பயமா இருக்கு, எங்க அப்பாவும் கோபம் வந்தா இப்படித்தான் பேசாம இருப்பார்’ என்று நான் சொல்லியிருந்தால், அவருடைய முறையில் உண்மையான வேலை அன்றுதான் தொடங்கியிருக்கும்.